மிச்ச மருந்து எங்கே போனது?

திருவதிகை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். பண்ருட்டி முந்திரி இலைச்சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்வது, அதைக் கிருமி மேலும் புற்றுநோய்ச் செல் மேலும் போட்டுப் பார்ப்பது. சுத்தமாக எழுதியிருக்கிறாய். உன் வழிகாட்டி ஒப்புக்கொள்வார், கட்டுரைகள் வரும், பட்டமும் வந்துவிடும். ஆனாலும் அதைத் தூக்கி ஓரமாக வை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நெய்வேலி டவுன்ஷிப்பிலும் கடலூரிலும் சிதம்பரத்திலும் இதே வேலையில் இறங்கப்போகிற பிள்ளைகள் உன்னைப்போல் பலர் இருப்பதால் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச்சாற்றை ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் பழுப்பு நிறம் தட்டும். நிறமாலையில் 420 நானோமீட்டர் பக்கம் ஒரு முகடு. பிறகு எக்ஸ்-ரே, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம். அகர் தட்டில் குழி வெட்டி, கிருமி வளராத வளையத்தை ஸ்கேல் வைத்து அளப்பது. கடைசியில், செல் பிழைத்ததா செத்ததா என்று நிறத்தை வைத்துச் சொல்லும் எம்.டி.டி. சோதனை. வேம்பு, துளசி, நிலவேம்பு, ஆவாரை என்று தமிழ்நாட்டில் பச்சையாக நிற்கிற எதையும் நம் கல்லூரிகள் விட்டுவைக்கவில்லை. முந்திரியையும் யாராவது முடித்திருப்பார்கள், தேடிப் பார். வேதியியலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. யாருக்கு மருந்து, என்ன நோய்க்கு, எந்த உறுப்பில், எந்த வழியாக? இந்த நாலு கேள்விக்கும் உன் வரைவில் எங்கேயும் பதிலைக் காணோம். துகளைச் செய்து கையில் வைத்துக்கொண்டு அதற்கொரு நோயைத் தேடுகிறாய்.

சூலை என்ற வயிற்றுநோய் கண்ட சமணத் துறவி தருமசேனருக்குப் பாடலிபுரத்துச் சமணர்கள் கமண்டல நீரை மந்திரித்துக் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள் என்று எழுதுகிறார் சேக்கிழார். அவர் ஒரு தரப்பின் கதையைச் சொல்கிறவர், அது இருக்கட்டும். கையில் இருப்பதையே மருந்தென்று நீட்டுகிற பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்காக எனக்கு அந்த இடம் பிடிக்கும்.

உனக்கு நான் காட்ட விரும்புகிற ஆள் வேலூரில் இருந்தவர். பிமல் குமார் பச்சாவத், 1925-இல் கல்கத்தாவில் பிறந்தவர். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பிறகு மிச்சிகனில் மைனர் கூன் என்பவரோடு வேலை பார்த்து, உடலின் கொழுப்பு வேதியியலில் முக்கியமான ஒரு நொதியைக் கண்டுபிடித்தவர். அங்கேயே தங்கியிருக்கலாம். 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி கூப்பிட, அங்கே வந்து நரம்பு வேதியியல் ஆய்வகம் ஒன்றை உண்டாக்கினார். மருத்துவமனைக்குள்ளேயே ஆய்வகம். அதன் பலன் 1963-இல் தெரிந்தது. மூளையின் வெண்பகுதி மெல்ல அழிந்து, நடந்துகொண்டிருந்த குழந்தை நடை மறந்து, பேச்சு மறந்து போகிற பரம்பரை நோய் ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளிடம் சல்ஃபடேஸ் என்ற நொதி குறைகிறது என்று காட்டிய கட்டுரையில், அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினோடு பச்சாவத்தும், பாலசுப்பிரமணியன், பட்டாபிராமன் போன்ற அவருடைய வேலூர் மாணவர்களும் இருக்கிறார்கள். அதற்கு முந்தின வருஷமே அவருக்குப் பட்நாகர் பரிசு கிடைத்திருந்தது.

இதில் நானோ எங்கே என்று கேட்பாய். அந்த வார்த்தையே அன்றைக்குப் புழக்கத்தில் இல்லை. கேம்பிரிட்ஜ் பக்கத்தில் பாப்ரகாமில் அலெக் பாங்கம் 1960-களில்தான் லிப்போசோமைப் பார்த்தார். கொழுப்புப் படலம் தண்ணீரில் தானே சுருண்டு உண்டாக்கும் நுண்பை அது. அதற்குள் மருந்தையோ நொதியையோ வைத்து அனுப்பலாம் என்ற யோசனை 1970-களில் வலுத்தது. 1976-இல் கல்கத்தா போன பச்சாவத் லிப்போசோமின் மேல்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டவைத்து, எந்தச் சர்க்கரை ஒட்டினால் எந்த உறுப்புக்குப் போகிறது என்று எலிகளில் பார்க்கத் தொடங்கினார். என் வாசிப்பில் இது வேலூரிலிருந்து நேராக வருகிற கோடு. ஒரு நொதி இல்லாமல் குழந்தைகள் சாவதைப் பக்கத்து வார்டில் பார்த்தவனுக்கு, அந்த நொதியை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்ற கேள்வி வராமல் இருக்காது.

பிறகு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்தில் அவர் எடுத்துக்கொண்டது ஆம்ஃபோடெரிசின்-பி. வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து 1950-களில் வந்த பூஞ்சை மருந்து. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் உண்டு, நம்முடையதில் கொலஸ்டெரால். மருந்து முதலாவதைப் பிடித்துத் துளை போடும். இரண்டாவதையும் ஓரளவு பிடிக்கும், அந்த ஓரளவில்தான் சிறுநீரகம் கெடுகிறது. ஊசி ஏறும்போதே உடம்பு தூக்கிப்போடுகிற நடுக்கம், காய்ச்சல், பொட்டாசியம் இறக்கம். இதை லிப்போசோமில் வைத்துக் கொடுத்தால் நோயாளி தாங்குகிறார். டெல்லிக் குழுவின் வேலையும், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நீலிமா க்ஷிர்சாகர் குழுவின் வேலையும் சேர்ந்து, இந்தியாவிலேயே உருவான லிப்போசோம் ஆம்ஃபோடெரிசின் ஃபங்கிசோம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

இங்கே கொஞ்சம் நில், ஏனென்றால் நான் சொல்ல வந்தது இதில்தான் இருக்கிறது. இரத்தத்தில் எந்தத் துகள் போனாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருக்கிற மேக்ரோஃபேஜ்கள் அதை விழுங்கிவிடும். அந்நியப் பொருளைப் பிடித்துத் தின்பது அவற்றின் தொழில். புற்றுநோய்க்கு மருந்து செய்கிறவனுக்கு இது பெரிய தொல்லை. பலாப்பழம் அறுக்கும் முன் பால் ஒட்டாமல் இருக்கக் கையில் எண்ணெய் தடவுகிறோமே, அப்படித்தான் லிப்போசோமின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் பூசுகிறார்கள்; இரத்தப் புரதம் சீக்கிரம் ஒட்டாது, துகள் கொஞ்சம் அதிக நேரம் சுற்றும். 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்ற புற்றுநோய் மருந்து அப்படிப் பூசியதுதான். அதுவுங்கூட ஜெயித்தது கட்டியை அதிகமாகக் கொன்றதால் என்பதைவிட, இதயத்தைக் கெடுக்காமல் விட்டதால் என்பதே சரி. டொராண்டோவில் வாரன் சான் குழு 2016-இல் பத்து வருஷத்துக் கட்டுரைகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தது. விலங்குகளுக்கு ஊசியில் போட்ட துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடுமதிப்பில், 0.7 சதவீதம். மிச்சம் 99.3 எங்கே போயிற்று என்று கேட்காமல் எத்தனை ஆய்வேடுகள் முடிந்திருக்கின்றன, நினைத்துப் பார்.

இப்போது பீகார்ப் பக்கம் வா. காலா-அசார் என்கிற கருங்காய்ச்சலை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணி குடியிருப்பதே மேக்ரோஃபேஜுக்குள், அதுவும் மண்ணீரலிலும் கல்லீரலிலும். அதன் சவ்விலும் எர்கோஸ்டெரால் உண்டு. புற்றுநோய்க்காரர்கள் எதைத் தோல்வி என்று தலையில் அடித்துக்கொண்டார்களோ, அதுவே இங்கே மருந்தை வாசலில் கொண்டுபோய் இறக்குகிறது. பழைய முறையில் சாதாரண ஆம்ஃபோடெரிசின் ஒருநாள் விட்டு ஒருநாள் 15 ஊசி, ஏறக்குறைய ஒரு மாதம் ஆஸ்பத்திரி வாசம். ஷியாம் சுந்தர் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் லிப்போசோம் மருந்து ஒரே ஒரு தடவை, கிலோவுக்கு 10 மில்லிகிராம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது குணமானவர்கள் 95.7 சதவீதம், பழைய முறையில் 96.3. கூலிக்காரனுக்கு ஒரு மாதக் கூலி மிச்சம். விலை மட்டும் இடித்தது. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் பேசி 50 மில்லிகிராம் குப்பியை 20 டாலருக்குக் கொண்டுவந்ததால்தான் இது ஏழைக்குச் சாத்தியமானது. நாற்பது கிலோ ஆளுக்கு எட்டுக் குப்பி, கணக்கு நீயே போட்டுக்கொள்.

நம் பக்கத்தில் இந்த மருந்தின் பெயர் எல்லார் வாயிலும் அடிபட்டது 2021-இல். கொரோனாவும் சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து கருப்புப் பூஞ்சை கிளம்பியது. மே மாதம் தமிழக அரசு அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஜூன் முடிவதற்குள் நாடு முழுக்க 40,000-க்கும் மேல் நோயாளிகள். அறுபது கிலோ ஆளுக்கு ஒருநாளைக்கே ஆறு குப்பி வேண்டும், வாரக்கணக்கில். குப்பி கிடைக்காமல் சொந்தக்காரர்கள் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்ததை நீயும் பார்த்திருப்பாய், அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய்.

அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மருந்துத் தயாரிப்பில் வேலை பார்த்தவன் நான். லிப்போசோமை ஆய்வகத்தில் ஒரு குடுவை செய்வது ஒரு வேலை, ஆயிரம் லிட்டரில் ஒவ்வொரு பேட்சும் ஒரே அளவாக வருவது வேறு வேலை. கிருமி நீக்க 0.22 மைக்ரான் வடிகட்டியில் அது அடைபடாமல் போக வேண்டும். குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் இருந்தும் கட்டிதட்டக் கூடாது. 2011-இல் ஒரு தொழிற்சாலை நின்றதும் அமெரிக்காவிலேயே டாக்சில் தட்டுப்பாடு வந்தது. அடுத்த பிப்ரவரியில் இந்தியாவின் சன் ஃபார்மா செய்த லிப்போடாக்ஸை அவர்கள் வரவழைத்துக்கொண்டார்கள். ஃபங்கிசோமிலும் ஒரு சங்கடம் உண்டு. ஊசி போடும் முன் அதை ஒலியலைத் தொட்டியில் வைத்து அதிர வைக்க வேண்டும். வார்டில் அந்தத் தொட்டியை எங்கே வைப்பது, கரண்டு போனால் நர்ஸ் என்ன செய்வார் என்பதெல்லாம் எந்த ஆய்வேட்டிலும் அத்தியாயமாக வராது. உன்னுடையதில் வரட்டும்.

உனக்கு நான் சொல்வது காசநோய். அந்தக் கிருமியும் மேக்ரோஃபேஜுக்குள்தான் குடியிருக்கிறது. சென்னையில் 1956-இல் தொடங்கிய மையம் இன்றைக்குத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டில் இருக்கிறது. சானடோரியத்தில் படுக்கவைத்துக் கொடுத்தாலும் வீட்டில் வைத்துக் கொடுத்தாலும் மருந்து ஒன்றுபோலவே வேலை செய்கிறது என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டிய இடம் அது. சண்டிகரில் குல்லர் குழு 2000-களிலேயே காசநோய் மருந்துகளை மக்கும் பாலிமர் துகளில் அடைத்து, பத்து நாளுக்கு ஒருமுறை வாய்வழி கொடுத்து எலிகளில் கிருமியை ஒழித்துக் காட்டியது. அது மருந்தாகக் கடைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று தோண்டுவதே உன் முதல் வருஷ வேலையாக இருக்கட்டும். அரசாங்க மாத்திரை சும்மா கிடைக்கிறது. தினமும் விழுங்க முடியாமல் நடுவில் நிறுத்துகிறவர் யார், எதனால் நிறுத்துகிறார் என்று தெரியாமல் உன் துகளால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. மாவட்டக் காசநோய் மையத்தில் போய் உட்கார். வெள்ளைக் கோட்டு போடாமல் போ.

உள்ளிழுக்கும் மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் நீ பழுப்பு நிலக்கரிச் சாம்பல் மொட்டைமாடியில் படிகிற ஊரில் வளர்ந்தவள். நுரையீரலுக்குள் போகிற தூள் எதுவானாலும், அது மருந்தே ஆனாலும், தனியாக விசாரிக்க வேண்டும்.

வெள்ளித் துகளைத்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தால், குறைந்தபட்சம் இவற்றையாவது செய். எம்.டி.டி. சோதனையில் துகளே நிறத்தில் குறுக்கிடும், ஆகவே செல் இல்லாத குழியிலும் துகளைப் போட்டு அளந்துகொள். இலைச்சாற்றோடு எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு வந்திருக்கிறதா பார். வெறும் நீரில் அளந்த துகளின் அளவு சீரத்தில் போட்டதும் என்ன ஆகிறது என்று பார். ஒரே மரத்து இலையைக் கோடையிலும் ஐப்பசியிலும் பறித்துச் செய்து, இரண்டும் ஒன்றாக வருகிறதா என்று பார். பெரும்பாலான ஆட்கள் அந்தக் கடைசிக் கேள்விக்குள் போகவே மாட்டார்கள்.

மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறை 2019 அக்டோபரில் நானோ மருந்துகளை மதிப்பிட ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. புதிய வரைவு எழுதும் முன் அதைப் படித்துவிடு. விலங்கு அறநெறிக் குழு அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும், படிவத்தை இப்போதே கேட்டு வாங்கி வை. அப்பாவுக்கு ஷிப்டு இல்லாத ஞாயிறாகப் பார்த்து இரண்டு பேரும் வாருங்கள். வரும்போது அந்த 2016 கட்டுரையை இணைப்பு அட்டவணைகளோடு பிரிண்ட் எடுத்து வா, திரையில் அந்தப் பொடி எழுத்து எனக்குத் தெரிவதில்லை.

அன்புடன்,
பெரியப்பா