மூன்று இறகுகளும் ஒரு கேள்வியும்

எட்டாம் வகுப்பு, சமூக அறிவியல் பாடவேளை. வருகைப்பதிவேட்டில் ஒரு மாணவியின் பெயருக்கு நேராக எட்டு நாள்களாக விடுப்பு. "அவளுக்குச் சடங்கு டீச்சர், தெரு பூரா பேனர் வச்சிருக்காங்க" என்றாள் பக்கத்தில் அமர்பவள். பையன்கள் சிரித்தார்கள், பெண்கள் தலை குனிந்தார்கள். நேரடியாகப் பேசினால் வகுப்பு வாய் திறக்காது என்று தோன்றியது. எனவே அன்று லண்டனுக்குப் போனோம்.

கரும்பலகையில் 'டெபியுடன்ட்' என்று எழுதினேன். பிரெஞ்சிலிருந்து வந்த இச்சொல்லுக்கு, முதன்முதலாக அரங்கேறுபவள் என்று பொருள். பிரிட்டனில் உயர்குடிப் பெண்கள் பதினேழு, பதினெட்டு வயதில் அரண்மனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அரசர் அல்லது அரசியின் முன் நிறுத்தப்பட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வரை வெள்ளை உடையும், தலையில் மூன்று இறகுகளும் வழக்கம். அழைத்துச் செல்லும் பெண்மணியும் ஒரு காலத்தில் அவ்வாறே அறிமுகமானவராக இருக்க வேண்டும். முழங்கால் மடித்து வணங்குவதற்கென்றே நடனப் பள்ளியில் பயிற்சி. பிறகு பல வாரங்கள் விருந்து, நடனம், குதிரைப் பந்தயம்.

மூன்றாம் ஜார்ஜ் தம் மனைவி சார்லட்டின் பிறந்தநாளுக்காக 1780இல் தொடங்கியது ஒரு நடன விருந்து. அரசி மறைந்து நெடுங்காலம் ஆன பின்னும், அவர் பெயரால் நடந்த விருந்தில் பெண்கள் ஒரு பெரிய கேக்கின் முன் வணங்கினார்கள் என்றதும் வகுப்பே சிரித்தது.

"இவ்வளவும் எதற்கு?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை பார்க்கத்தான் டீச்சர்" என்றான் ஒருவன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

அவன் சொன்னது சரி. தாய்மார்கள் தகுதியான இளைஞர்களின் பட்டியல் வைத்திருந்தார்கள். காலம் மாறியது. பணம் வாங்கிக்கொண்டு பிறர் மகள்களை அறிமுகம் செய்துவைக்கும் சீமாட்டிகள் பெருகினார்கள். 1958இல் அரண்மனை அறிமுகம் முடிவுக்கு வந்தது. கடைசி ஆண்டில் மூன்று நாள்களில் சுமார் 1,400 பெண்கள் அரசி இரண்டாம் எலிசபெத்தை வணங்கினார்கள்.

அமெரிக்காவில் இத்தகைய விழாவுக்குக் 'கோட்டிலியன்' என்று பெயர். 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு நடனம் ஒன்றின் பெயர் அது. அங்கே ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களின் அமைப்புகள் பல, இவ்விழாவை நடத்தி மாணவிகளின் கல்லூரி உதவித்தொகைக்கு நிதி திரட்டுகின்றன. அதே வெள்ளை உடைதான். நோக்கம் மட்டும் வேறு.

பின்னர் குழுக்களுக்கு நான்கு கேள்விகள் தந்தேன்:

1. விழாவை நடத்துவது யார்?
2. அது யாருக்கு, எதை அறிவிக்கிறது?
3. செலவு யாருடையது?
4. அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா?

நான்காம் கேள்விக்கு எந்தக் குழுவும் விடை எழுதவில்லை. அந்த வெற்றிடமே அன்றைய பாடம் என்று நினைக்கிறேன்.

இதை வகுப்பில் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் குழந்தையையும் தன் வீட்டு நிகழ்வைச் சொல்லும்படி கேட்காதீர்கள். தொலைதூர நாட்டைப் பேசினாலே போதும். ஒப்பீட்டை அவர்களே செய்துகொள்வார்கள். விடுப்பு நீண்டால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். திருமணப் பேச்சு காதில் விழுந்தால், பெண்ணுக்கு 18 வயது என்ற சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பேச்சு நிற்காவிட்டால் 1098 இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் அவள் வந்தாள். தோழியின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவள், இடைவேளையில் என்னிடம் வந்தாள்.

"அந்தப் பொண்ணுங்க அப்புறம் படிச்சாங்களா டீச்சர்?"

1958இல் வணங்கியவர்களில் ஒருவர் பியோனா மெக்கார்த்தி. ஆக்ஸ்போர்டில் படித்தார், வில்லியம் மாரிஸ், பைரன் ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதினார், அந்தக் கடைசி வணக்கத்தைப் பற்றியும் பின்னாளில் ஒரு நூல் எழுதினார். சொன்னேன்.

அவர் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.