முதலில் பெயர், பிறகு விசா: ஊவா தோட்டங்களிலிருந்து கடல் கடந்து வாழ்க்கைப்படுகிறவர்களுக்கு

விசா மறுப்புக் கடிதத்தோடு வருகிறவர்கள் தூதரகத்தைத்தான் திட்டுகிறார்கள். கடிதத்தை வாங்கிப் படித்தால், சிக்கல் பெரும்பாலும் பசறையிலோ மடுல்சீமையிலோ அவர்கள் பிறந்த வருஷமே தொடங்கியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, கல்யாண எழுத்தில் மூன்றாவது. படிவம் நிரப்புவது கஷ்டமே இல்லை. ஓ.எல். படித்த எந்தப் பிள்ளையும் நிரப்பிவிடும். மூன்று கடதாசியையும் ஒரே ஆளுடையதாக ஆக்குவதுதான் வேலை. அந்த வேலை பதுளை மாவட்டத்துக்குள்ளேயே, கல்யாணத்துக்கு முன்பே முடியவேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் வாழ்க்கைப்படுவது தமிழ்நாட்டுக்குத்தான். 1964 அக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. ஒரே லயத்தில் அண்ணன் போனார், தம்பி நின்றார். போனவர்களில் பலர் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் குடியேறினார்கள். இவர்களுக்கு வேலை கொடுக்கவே நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவாகின. மாமன் மகள், அத்தை மகன் என்று இன்றும் பெண் கொடுத்து எடுக்கிறோம். பிரித்தானியா, கனடா மாப்பிள்ளைகளும் வருகிறார்கள். எந்த நாடானாலும் முதல் பாதி வேலை ஒன்றே.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பாடசாலை விடுகைப் பத்திரம், பெற்றோரின் விவாகச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே மேசையில் பரப்புங்கள். பிறப்புச் சான்றிதழ் பழைய மடிப்போடு கிழிந்திருந்தால் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுங்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயத்தோடு பெட்டியும் போனது. அப்படி எல்லாம் இழந்தவர்களுக்கும் பதிவேட்டில் பதிவு இருக்கும்வரை பிரதி கிடைக்கும். பதிவே இல்லாதவர்கள் காலங்கடந்த பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்கவேண்டும். அது நீண்ட வேலை. நிச்சயம் பண்ணின அன்றே தொடங்குங்கள்.

இனி பெயர். இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பிள்ளை பிறந்த சேதி தோட்டத்து ஆபீஸ் வழியாகவோ ஆஸ்பத்திரி வழியாகவோ பதிவாளரிடம் போனது. அப்பா சொன்னது ‘லெச்சுமி’. ஆபீசில் எழுதியது ‘லெட்சுமி’. பதுளையில் பெரும்பாலான பதிவுகள் சிங்களத்தில் இருக்கின்றன. சிங்களத்தில் ழகரம் கிடையாது. ஆக அழகேஸ்வரி அங்கே அலகேஸ்வரி ஆகிறாள். அந்தச் சிங்களத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ‘எல்’ போடுகிறார். கூடலூரில் எழுத்து எழுதுகிறவர் தமிழ்ப் பெயரைக் கேட்டு ‘இசட் எச்’ போடுகிறார். விசா அதிகாரிக்கு நம் ழகரம் தெரியாது. அவருக்கு இவை இரண்டு பெண்கள்.

நான் எல்லோருக்கும் சொல்கிற விதி இரண்டு. பெயர் வேறுபட்டால் பிறப்புப் பதிவை மற்றவற்றுக்கு ஏற்ப மாற்றுங்கள். திகதி வேறுபட்டால் மற்றவற்றைப் பிறப்புப் பதிவுக்கு ஏற்ப மாற்றுங்கள். பாடசாலை, பரீட்சை, அடையாள அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் விஜயலெட்சுமி என்று இருக்க, பிறப்பில் மட்டும் விஜயா என்று இருந்தால், நான்கைத் திருத்துவதைவிட ஒன்றைத் திருத்துவது லேசு. பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்க்கவும் மாற்றவும் சட்டத்தில் வழி இருக்கிறது. பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விண்ணப்பம் வாங்கி, அந்தப் பெயரை நீண்டகாலம் பாவித்ததற்கான பழைய பாடசாலைப் பத்திரங்களைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். ஆனால் பிறந்த திகதியைப் பதிவேட்டில் மாற்றப் பார்க்காதீர்கள். அதுதான் அடிப்படை. அட்டையும் கடவுச்சீட்டும்தான் அதற்கு ஏற்ப மாறவேண்டும்.

திகதி பொருந்துகிறதா என்று ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டும், புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் முதல் நான்கும் வருஷம். அடுத்த மூன்று இலக்கம் வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். எந்த வருஷமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்தே எண்ணவேண்டும். 1998 மார்ச் 15 பிறந்த பெண்ணுக்கு 31, 29, 15 கூட்டினால் 75. ஆகவே இலக்கம் பழைய அட்டையில் 98575 என்றும், புதிய அட்டையில் 1998575 என்றும் தொடங்கவேண்டும். அப்படித் தொடங்காவிட்டால் உங்கள் அட்டை வேறு திகதியில் எடுக்கப்பட்டிருக்கிறது. இதைக் கல்யாணத்துக்கு முன் கண்டுபிடித்தால் ஒரு திருத்தம். விசா அலுவலகம் கண்டுபிடித்தால் நீங்கள் பொய் சொன்னவர்.

சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, இரண்டு பெயரும் ஒருவரே என்று எழுதினால் போதும் என்று ஊரெல்லாம் நம்புகிறார்கள். ஓர் எழுத்து முன்பின் இருந்தால் அது உதவும். முதலெழுத்துச் சிக்கலுக்கும் உதவும். அப்பாவின் பெயரே வேறு என்றாலோ திகதி வேறு என்றாலோ உதவாது. சத்தியக்கடதாசி பதிவேட்டைத் திருத்துவதில்லை. அதை நம்பிக் கல்யாணத் தேதி வைக்கவேண்டாம்.

இன்னொரு கட்டத்தையும் பாருங்கள். பழைய சான்றிதழ்களில் ‘பெற்றோர் விவாகம் செய்தவர்களா’ என்று ஒரு கட்டம் உண்டு. கோயிலில் தாலி கட்டி முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவர்களின் பிள்ளைகளுக்குக்கூட அதில் ‘இல்லை’ என்று இருக்கும். எழுத்து எழுதவில்லை என்பதுதான் காரணம். வழக்கப்படி நடந்த கல்யாணத்தை இந்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்கின்றன. இருந்தும் அந்தக் கட்டத்தால் அப்பாவின் பெயரே விடுபட்டிருந்தால் கடவுச்சீட்டில் உள்ள பெயரோடு பொருந்தாது. பெற்றோர் இன்றைக்கும் விவாகத்தைப் பதியலாம். அதைக் காட்டிப் பிள்ளையின் பதிவைத் திருத்தக் கேட்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மா அப்பாவை அழைத்துக்கொண்டு போங்கள். தாத்தா பிறந்த இடம் கேட்கும் கட்டம் வெறுமையாக இருந்தால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இலங்கைக் கடவுச்சீட்டு கையில் இருக்கிறவரிடம் அதைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

வரிசை தவறக்கூடாது: பிறப்பு, அடையாள அட்டை, கடவுச்சீட்டு, அதன் பிறகே எழுத்து. விவாகப் பதிவில் பிழையான பெயர் ஏறிவிட்டால் திருத்துவது எல்லாவற்றிலும் கஷ்டம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டைக் கையில் கொடுங்கள். அதில் உள்ள ஆங்கில எழுத்துகளையே ஒவ்வொரு மொழிபெயர்ப்பிலும் போடச் சொல்லுங்கள். இதற்கு மேலதிகக் காசு ஒன்றும் இல்லை.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் வீட்டில் தகரப்பெட்டியையும் திறந்து பார்க்கவேண்டும். ஒப்பந்தக் காலத்தில் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டு, 1984இல் இந்தியாவுக்கான கப்பல் நின்றதால் போகாமலேயே தங்கிவிட்ட பெரியவர்கள் நம் தோட்டங்களில் நிறைய. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை பெற வழி செய்தது. இந்திய விசாப் படிவம் பெற்றோரின் தேசியத்தையும் முந்திய தேசியத்தையும் கேட்கிறது. அப்பா ஒருகாலம் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். மறைக்கச் சொல்லும் புரோக்கரிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவேண்டாம்.

எழுத்து எங்கே? ஒரே நாட்டில், ஒரே தடவை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இரண்டு திகதியில் இரண்டு சான்றிதழ் வைத்திருப்பது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அது கேள்வியைத்தான் கூட்டும். என் விருப்பம், பிள்ளை புறப்படுகிற ஊரிலேயே, பதுளையிலேயே எழுதிவிடுவது. வெளிநாட்டவரை மணக்கப் பாதுகாப்பு அமைச்சின் சான்று வேண்டும் என்று 2022 ஜனவரி 1 முதல் ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. மண்டபம் பார்ப்பதற்கு முன் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய் அன்றைய விதியைக் கேட்டுவிடுங்கள். வருகிறவர் தனியாள் என்பதற்கான சான்றும், முன்பு மணமுறிவு இருந்தால் அந்தத் தீர்ப்பும் கொண்டுவரவேண்டும். விவாகச் சான்றிதழை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி அனுப்புங்கள்.

தமிழ்நாட்டில்தான் எழுத்து என்றால் நாளை எண்ணிக்கொள்ளுங்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவித்தல் உண்டு. அதற்கு முன் இருவரில் ஒருவராவது 30 நாள் அந்த மாவட்டத்தில் இருந்திருக்கவும் வேண்டும். 30 நாள் சுற்றுலா விசாவில் போய் எல்லாம் முடித்து வரலாம் என்று டிக்கெட் போடாதீர்கள். கோயிலில் கல்யாணம் நடந்தால், அங்கே 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதியவேண்டும்.

இந்தியக் குடிமகனின் மனைவியோ கணவனோ கேட்கவேண்டியது நுழைவு விசா. கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் போனால் இறங்கி 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டும். பதிவான விவாகம் இரண்டு வருஷம் நிலைத்தால் ஓ.சி.ஐ. என்னும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமை கேட்க ஏழு வருஷம் அங்கே குடியிருக்கவேண்டும். அவசரப்படவேண்டாம் என்பதே என் வார்த்தை. ஓ.சி.ஐ. அட்டையோடு இலங்கைக் கடவுச்சீட்டையும் வைத்திருக்கலாம். இந்தியக் குடியுரிமை எடுத்தால் இதை விடவேண்டும்.

பிரித்தானிய மாப்பிள்ளையிடம் முதலில் கேட்கவேண்டியது சம்பளம். துணையை அழைக்க அவருக்கு இருக்கவேண்டிய குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 2024 ஏப்ரல் 11ஆம் திகதி 18,600 பவுனிலிருந்து 29,000 பவுனாக ஏறியது. போகிறவருக்கு ஏ1 மட்ட ஆங்கிலமும் கசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். கனடாவோ பிரித்தானியாவோ, உறவு உண்மையானது என்று காட்டவேண்டும். பேசி முடித்த கல்யாணம் என்றால் அப்படியே எழுதுங்கள். எந்த மாமா பேசினார், எந்த மாதம் பெண் பார்த்தார்கள், அதன்பின் எத்தனை நாளுக்கு ஒருதரம் தொலைபேசியில் பேசினீர்கள் என்பது போதும். யாரோ எழுதிக் கொடுத்த காதல் கதையை நேர்முகத்தில் உங்களால் சொல்ல முடியாது.

பிள்ளை பிறந்தால் எந்தக் குடியுரிமை என்பதை இருவரும் பேசி முடிவெடுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால் பிறந்து ஒரு வருஷத்துக்குள், பிள்ளை பிறந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் பதியவேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அது சென்னையிலுள்ள பிரதி உயர் ஸ்தானிகராலயம்.