அசைந்து பார்க்கும் கேமரா

சென்ற ஆண்டு எடுத்த எங்கள் வகுப்புப் படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, முதலில் அவரவர் முகத்தைத் தேடினோம். பிறகுதான் சீருடையைக் கவனித்தோம். நுண்ணிய கட்டம் போட்ட நம் நீலச் சீருடையில், துணியில் இல்லாத வேறு நிறங்கள் அலை அலையாக ஓடின. சலவையில் சாயம் கலந்துவிட்டதோ என்று சிலர் அஞ்சினர். சாயத்தில் குற்றமில்லை. கேமரா தனக்குத் தெரியாத நிறத்தை ஊகித்தது, ஊகம் தவறிற்று. அந்த ஊகத்திற்கு இடம் கொடாமல் படம் எடுக்கும் ஒரு முறையைப் பற்றியே நாங்கள் இங்கு எழுதுகிறோம்.

பழைய கேமராவில் பிலிம் இருந்த இடத்தில் இன்றைய டிஜிட்டல் கேமராவில் சென்சார் என்னும் சில்லு இருக்கிறது. வரைபடத் தாளைப் போல அதில் கோடிக்கணக்கான மிகச் சிறு கட்டங்கள். ஒவ்வொன்றையும் பிக்சல் என்கிறோம். ஒரு கட்டம் தன்மேல் விழும் ஒளி அதிகமா, குறைவா என்று மட்டுமே அறியும். நிறம் அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரு வண்ண வடிகட்டியைப் பொருத்துகிறார்கள். நான்கு கட்டங்களில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். இந்த அமைப்பைக் கண்டவர் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர். 1976-இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் கண் பச்சை ஒளியில்தான் நுணுக்கங்களை நன்கு காண்கிறது என்பதால் பச்சைக்கு மட்டும் இரு மடங்கு இடம்.

இதில் ஒரு தொல்லை உண்டு. சிவப்பு வடிகட்டியின் கீழ் உள்ள கட்டம் தன் இடத்தில் பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று காணவே இல்லை. அண்டைக் கட்டங்களைக் கேட்டு, 'அங்கு இவ்வளவு என்றால் இங்கும் இவ்வளவு இருக்கும்' என்று கேமரா கணக்கிட்டு நிரப்புகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று நிறங்களில் ஒன்றுதான் கண்டது. மற்ற இரண்டும் ஊகம். அதாவது நாம் சட்டமிட்டு மாட்டும் படத்தின் நிறக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்! நீல வானத்திலும் வெள்ளைச் சுவரிலும் இவ்வூகம் சரியாகவே இருக்கும். நுண்கட்டத் துணியிலும், பறவை இறகிலும், ஓவியத்தின் மெல்லிய வெடிப்பிலும்தான் பிழைபடுகிறது.

இதை எங்களுக்கு விளக்க எங்கள் அறிவியல் ஆசிரியை ஒரு சோதனை செய்யச் சொன்னார்கள். பக்கத்திற்கு 16 கட்டமாக 256 கட்டங்கள் உள்ள தாளில் ஒரு சேவலை வரைந்து வண்ணம் தீட்டினோம். அதே அளவு அட்டையில், ஒன்றுவிட்டு ஒரு வரிசையில், ஒன்றுவிட்டு ஒரு கட்டமாக 64 துளைகள் வெட்டினோம். (அறுபத்து நான்கு சதுரங்களையும் பிளேடால் வெட்டி முடிப்பதற்குள் விரல் நொந்துவிட்டது.) இத்துளைகளைச் சென்சாரின் சிவப்புக் கட்டங்கள் என்று கொள்ளுங்கள், அவையும் நான்கில் ஒன்றுதானே? அட்டையைப் படத்தின் மேல் வைத்து, படத்தை முன்பு பாராத ஒரு தோழியை அழைத்து, துளைகளில் தெரியும் நிறங்களை அவள் தாளில் தீட்டச் செய்தோம். இடையிலுள்ள கட்டங்களை அக்கம்பக்கம் பார்த்து அவளே நிரப்பினாள். பிறகு, "இது கோழி" என்றாள். சேவலின் சிவந்த கொண்டை முழுவதும் ஒரே வரிசையில் இருந்தது. அது இரட்டை எண் வரிசை. துளைகளோ ஒற்றை எண் வரிசைகளில். ஒரு துளையிலும் கொண்டை அகப்படவில்லை. அவள் கவனக்குறைவாக இருக்கவில்லை. காண்பதற்கு வழியே இல்லை.

அட்டையை ஒரு கட்டம் வலப்புறம் நகர்த்தினோம். பின் ஒரு கட்டம் கீழே. பின் ஒரு கட்டம் இடப்புறம். நான்கு இடங்களிலும் கண்டதை அவள் தீட்டி முடித்தபோது ஊகத்திற்கு ஒரு கட்டமும் மிஞ்சவில்லை. கோழி சேவலாயிற்று.

கேமரா செய்வதும் இதுவே. ஒரு படம் எடுத்ததும் சென்சாரை ஒரே ஒரு பிக்சல் அளவு நகர்த்தி மறுபடம் எடுக்கிறது. இவ்வாறு நான்கு முறை. படத்தின் ஒவ்வோர் இடமும் சிவப்பு, நீலம், இரண்டு பச்சை ஆகிய வடிகட்டிகளின் கீழ் முறையாக வந்து போகிறது. 2015-இல் வந்த பென்டாக்ஸ் கே-3 II கேமரா இப்படிச் செய்தது. ஒரு பிக்சல் என்றால் எவ்வளவு தொலைவு? சோனி ஏ7ஆர் IV கேமராவில் அது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கிற்கும் சற்றுக் குறைவு. தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இவ்வளவு நுட்பமாக நகர்த்துவது எப்படி என்று வியந்தோம். விடை நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. காந்தப் புலத்தில் வைத்த கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் அதன்மேல் விசை செயற்படும் என்று படிக்கிறோம் அல்லவா? ஒலிபெருக்கியை அதிரச் செய்யும் அதே விசைதான் பெரும்பாலான கேமராக்களில் சென்சாரையும் அசைக்கிறது. உண்மையில் இவ்வசைவு, படம் எடுப்பவரின் கை நடுக்கத்தை ஈடுசெய்யவே முதலில் அமைக்கப்பட்டது. பின்னர்தான் அதையே நுணுக்கம் காணவும் பயன்படுத்தினார்கள்.

இன்னும் ஒரு படி உண்டு. கோலம் போடும் நம் தோழியருக்கு ஊடுபுள்ளி தெரியும்: இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளியை வைப்பது. சென்சாரை முழுப் பிக்சலன்றி அரைப் பிக்சல் நகர்த்தினால், முன்பு கண்ட இரு புள்ளிகளுக்கு இடையே புதிய புள்ளி கிடைக்கிறது. ஒலிம்பஸ் நிறுவனம் 2015-இல் 1.6 கோடிப் பிக்சல் சென்சாரைக் கொண்டு, எட்டு முறை எடுத்து, 4 கோடிப் பிக்சல் படம் ஆக்கிக் காட்டியது. மேலே சொன்ன சோனி கேமரா 2019-இல் வந்தது. 6.1 கோடிப் பிக்சல் உள்ள அது பதினாறு முறை எடுத்து 24 கோடிப் பிக்சல் படம் தருகிறது. ஆனால் புள்ளி நான்கு மடங்கானால் நுணுக்கமும் நான்கு மடங்காகும் என்று எண்ணிவிடக் கூடாது. கோலப்புள்ளியைப் போலன்றிப் பிக்சலுக்கு அகலம் உண்டு. அரைப் பிக்சல் நகர்ந்தாலும் முன்பு பார்த்த இடத்தில் ஒரு பகுதியையே மீண்டும் பார்க்கிறது. லென்ஸும் அந்நுணுக்கத்தைத் தெளிவாகக் காட்டக்கூடியதாய் இருக்க வேண்டும். விளம்பரங்கள் இதைப் பெரிய எழுத்தில் சொல்வதில்லை!

எங்கள் சோதனையை மறுநாள் வேறொரு வகுப்பறையில் செய்து காட்டினோம். மூன்றாம் முறை அட்டையை நகர்த்துகையில் மின்விசிறிக் காற்றில் அடியிலிருந்த படம் விலகிவிட்டது. கொண்டை சேவலின் முதுகில் ஏறிக்கொண்டது. அறை முழுவதும் சிரிப்பு. கேமராவிற்கும் இதே கதிதான். முக்காலி உறுதியாக நிற்க வேண்டும். எடுக்கப்படும் பொருள் அசையாதிருக்க வேண்டும். விளக்கொளி மாறாதிருக்க வேண்டும். காற்றில் ஆடும் இலையும், நடந்து செல்லும் மனிதரும் இம்முறைக்கு ஆகா. எங்கள் வகுப்புப் படத்தையும் இம்முறையில் எடுத்திருக்க முடியாது. நாற்பது பேரும் ஒரு கணம் அசையாதிருந்ததாக வரலாறே இல்லை. 2019-இல் ஒலிம்பஸ் ஒரு கேமராவில் கை நடுக்கத்தையே நகர்வாகக் கொண்டு முக்காலி இன்றிப் பல படங்களை இணைத்தது. அங்கும் பொருள் அசையாமல் இருந்தால்தான் நன்று.

அசையாமல் இருக்கும் பொருள்களில் ஓவியத்தைப் போல் வேறில்லை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்து முடித்த 'இரவுக் காவல்' இருக்கிறது. நான்கரை மீட்டர் அகலமுள்ள அந்த ஓவியம் பட்ட துன்பங்கள் பல. 1715-இல் வேறிடத்திற்கு மாற்றியபோது சுவரில் அடங்கவில்லை என்று ஓரங்களை வெட்டினார்கள். 1975-இல் ஒருவன் கத்தியால் கீறினான். 1990-இல் மற்றொருவன் அமிலம் தெளித்தான். இனி அதன் உடல்நிலையைத் தொடாமலே அறிய வேண்டும் என்று 2019-இல் பெரும் ஆய்வு ஒன்றைத் தொடங்கினர். பல முறை நகர்ந்து எடுக்கும் வசதி கொண்ட, 10 கோடிப் பிக்சலுள்ள ஹாசல்பிளாட் கேமராவால் ஓவியத்தைப் பகுதி பகுதியாக 8,439 படங்கள் எடுத்தார்கள். அவற்றை இணைத்து 2022-இல் வெளியிட்ட ஒரே படத்தில் 71,700 கோடிப் பிக்சல்கள்! ஒவ்வொரு பிக்சலும் ஓவியத்தில் காட்டும் இடம் நம் குருதியின் சிவப்பணுவைவிடச் சிறியது. பின்னாளில் ஒரு வெடிப்பு நீண்டதா, அன்றே அவ்வளவு இருந்ததா என்று ஐயம் எழுந்தால், இப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அப்படம் இணையத்தில் எவரும் காணக் கிடைக்கிறது. நாங்கள் கணினி அறையில் அதைப் பெரிதாக்கிக்கொண்டே போனோம். நடுவிலுள்ள படைத்தலைவருக்குச் சற்றே பின்னால், மஞ்சள் பட்டுடுத்திய ஒரு சிறுமி நிற்கிறாள். அவள் இடுப்பில் ஒரு கோழி தலைகீழாகத் தொங்குகிறது. அன்று அட்டைக்கு முன் அமர்ந்து ஏமாந்த எங்கள் தோழி, எங்களை விலக்கிவிட்டு முன்னே வந்து, முதல் வேலையாக அதற்குக் கொண்டை இருக்கிறதா என்று தேடினாள்.