மாடு தின்னும் பிண்ணாக்கும் நம் தட்டில் விழும் இறைச்சியும்

தோட்டத்தில் மாடு வளர்த்தவர்களுக்குப் பிண்ணாக்கு புதிதன்று. அன்று தேங்காய்ப் பிண்ணாக்கையும் கடலைப் பிண்ணாக்கையும் ஊறவைத்துக் கொடுத்திருப்பீர்கள். கெடாவில் ரப்பர் இருந்த பல தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. அதன் பருப்பிலிருந்து எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கே இப்போது நம் நாட்டு மாடுகளின் முக்கியத் தீவனங்களுள் ஒன்று. அதில் ஏறத்தாழ 16 விழுக்காடு புரதம் உண்டு.

இந்தத் தீவனம் இறைச்சியை மாற்றுமா?

ஓரளவு மாற்றும். கொட்டிலில் நின்று பிண்ணாக்கும் தானியமும் தின்னும் மாட்டுக்குச் சதை விரைவாகப் பிடிக்கும், கொழுப்பும் கூடும். அந்தக் கொழுப்பு வெண்மையாக இருக்கும். புல் மேய்ந்த மாட்டின் கொழுப்பு சற்று மஞ்சளாக இருக்கும். அது புல்லில் உள்ள நிறச்சத்தால் வருவது. கெட்டுப்போன அடையாளம் அன்று.

ஆனால் மாடு எந்த எண்ணெய்வித்தைத் தின்றாலும், அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் நல்ல எண்ணெய்ச் சத்தின் பெரும்பகுதியை உறைகொழுப்பாக மாற்றிவிடுகின்றன. ஆளிவிதை கொடுத்தால் இறைச்சியில் ஒமேகா 3 சிறிது கூடும். ஆனாலும் மத்தி, கெம்போங் மீன்களுக்கு அது ஈடாகாது. ஆடும் அசைபோடும் பிராணியே. ஆகவே, மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கும் இது பொருந்தும்.

உறைகொழுப்பு அதிகமானால் இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிரால் ஏறும். இருதய நோய்க்கு வழி வகுக்கும். இனிப்புநீர், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மாடு எதைத் தின்றது என்பதைவிட, நீங்கள் எந்தத் துண்டை எவ்வளவு உண்கிறீர்கள் என்பதே முக்கியம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கொழுப்பு குறைந்த தொடைப் பகுதியைக் கேட்டு வாங்குங்கள்.
• கண்ணுக்குத் தெரியும் கொழுப்பைச் சமைக்கும் முன்பே வெட்டி எடுங்கள்.
• குழம்பை ஆறவைத்து, மேலே உறையும் கொழுப்பை அகற்றுங்கள்.
• ஈரல், மூளை, குடலை எப்போதாவது மட்டும் உண்ணுங்கள்.
• தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது இறைச்சி, அரைப் பங்கு காய்கறி, பழம் இருக்கட்டும்.
• புரதத்தை அடியோடு நிறுத்தாதீர்கள். வயதான காலத்தில் தசை வலுவுக்கு அது தேவை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

ஆடு வளர்ப்போர் கவனத்திற்கு

செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கில் செம்புச் சத்து அதிகம். மாடு அதைத் தாங்கும், செம்மறியாடு தாங்காது. செம்பு ஈரலில் சேர்ந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து ஆடு திடீரென இறக்கலாம். இதையே முழுத் தீவனமாகக் கொடுக்காதீர்கள். இந்த அறிகுறிகள் தெரிந்தால் கால்நடைச் சேவைத் துறையிடம் உடனே தெரிவியுங்கள். அந்த ஆட்டை அறுத்து உண்ணவோ விற்கவோ வேண்டாம்.

கொலஸ்டிரால் பரிசோதனை செய்து நாளாகிவிட்டதா? அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.