இடமிருந்து வலம்

அன்புள்ள தம்பிக்கு,

போன மாத இதழில் வந்த உன் ‘திரும்பிய வீடு’ தொகுப்பைப் பார்த்தேன். பன்னிரண்டு படங்கள். கோபம் அடங்கட்டும் என்று மறுநாள் இன்னொரு முறை பார்த்தேன். அடங்கவில்லை. உனக்குத் தனியாகவே எழுதியிருக்கலாம். ஆனால் ஊர் ஊராய்ச் சுற்றிப் படம் எடுத்துவிட்டு, அப்பா அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் சாமானைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு வருகிற பிள்ளைகள் இன்னும் சிலரை எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கே அனுப்புகிறேன்.

ஸ்பிட்டியையும் மாஜுலியையும் விட்டுத் தூத்துக்குடிக்கு வந்தது சரியா தப்பா என்ற பேச்சே வேண்டாம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அதில் யோசிக்க என்ன இருக்கிறது? தொழில் நுணுக்கமும் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்பு வெள்ளையில் மீட்டர் ஏமாறும் என்பதெல்லாம் உனக்குப் பால பாடம்.

என் எரிச்சல் படங்களுக்குக் கீழே நீ எழுதியிருக்கிறாயே, அதில்தான். ஸ்பிட்டியில் கிப்பர் கிராமத்தில் யாக் மேய்க்கிற பெரியவரை எடுத்தாய். அவர் பெயர், ஊர், மாதம், வருஷம் எல்லாம் எழுதியிருந்தாய். பாஷை தெரியாத இடத்தில் யாரையோ பிடித்துக் கேட்டு எழுதியிருக்கிறாய். சொந்த ஊருக்கு வந்ததும் உனக்கு என்ன ஆயிற்று? உப்பளத்தில் நிற்கும் பெண்ணுக்குக் கீழே ‘உழைப்பு’. அம்மாவுக்குக் கீழே ‘காத்திருப்பு’. பெற்ற அப்பாவுக்குக் கீழே ‘அந்தி’. என்ன தம்பி இது? அவருக்கு உன் தாத்தா வைத்த பெயர் ஒன்று இருக்குமே!

நான் தொழில் பழகியது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில். முதலாளியை மாஸ்டர் என்போம். கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்கு எல்லோரையும் நிறுத்தியதும் அவர் கேமரா பக்கம் போகமாட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுப்பார். நிற்பவர்கள் இடமிருந்து வலம், அமர்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம், தரையில் குழந்தைகள். இன்னும் பெயர் வைக்காத கைக்குழந்தையா, ‘இன்னாருடைய மகன்’ என்று எழுதுவார். எழுதி முடித்த பிறகுதான் கறுப்புத் துணிக்குள் தலை போகும். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாக எழுதுவார். ஊட்டி ‘இந்து’ பிலிமோ ஜெர்மன் ‘ஆர்வோ’வோ, பிலிமில் கஞ்சத்தனம் பண்ணுவார், எழுத்தில் பண்ணமாட்டார். நெகட்டிவ் உறையில் ஒரு நம்பர், அதே நம்பர் பேரேட்டில், பக்கத்தில் பெயர்கள்.

சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். நாற்காலியில் உட்கார்த்தி, மாலை போட்டு, சுற்றிலும் பிள்ளைகள் நிற்பார்கள். அங்கேயும் தாள் வெளியே வரும். அழுதுகொண்டிருப்பவர்களிடம் போய்ப் பெயர் கேட்க எனக்குக் கூசும், அவருக்குக் கூசாது. பல பெண்களுக்கு ஆயுசிலேயே எடுத்த ஒரே படம் அதுதான். பின்னாளில் மலேசியாவிலிருந்து ஒரு பேரன் வந்து, பாட்டி முகத்தையே பார்த்ததில்லை என்று கடை வாசலில் நின்றான். பெயரும் தெருவும் சொன்னான். பேரேட்டைப் புரட்டினோம், நெகட்டிவ் கிடைத்துவிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி எடுத்து டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய காரியம். ஆனால் எங்கே ஒரு பழைய படத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத்தான் கை போகும். கடிகாரச் சங்கிலியின் கண்ணி வரை துல்லியமாக விழுந்திருக்கும். ஆள் யாரென்று சொல்ல ஆள் இருக்காது.

இது கிழவனின் கிறுக்கு என்று நீ நினைத்தால் மசாஹிசா ஃபுகாசேயைத் தேடிப் பார். ஜப்பானில் ஹொக்கைடோவின் பிஃபுகா என்ற சின்ன ஊரில் அவர் குடும்பத்துக்கு ஸ்டுடியோ இருந்தது. அதை எடுத்து நடத்த வேண்டிய மூத்த மகன் டோக்கியோவுக்குப் போய்விட்டார். 1971 முதல் ஊருக்குப் போனபோது அதே ஸ்டுடியோவில் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுத்தார். குறும்புக்காரர், அப்பா அம்மா தம்பி குடும்பத்துக்கு நடுவே அரைகுறை ஆடையில் ஒரு மாடலையும் நிறுத்துவார். ஆனால் 1985-இல் எடுத்த படத்தின் தலைப்பைப் படி. மேல்வரிசை இடமிருந்து வலம், நடுவரிசை இடமிருந்து வலம், கீழ்வரிசை இடமிருந்து வலம் என்று ஒருவர் விடாமல் வருகிறது. கீழ்வரிசையில் சட்டமிட்ட ஒரு படம், இறந்துபோன மியாகோ என்பவளுடையது. வரிசையில் அவளுக்கும் இடம் உண்டு, பெயரும் உண்டு. பிஃபுகாவுக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் என்ன சம்பந்தம் சொல்! 1987-இல் அவர் அப்பா போனார், 1989-இல் ஸ்டுடியோவை மூடினார்கள், 1991-இல் இந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. மாஸ்டர் அதைப் பார்க்காமல் போய்விட்டார் என்பதில் எனக்கு வருத்தம். மாடலைப் பார்த்து முகம் சுளித்திருப்பார், தலைப்பைப் பார்த்து மன்னித்திருப்பார்.

இன்னொன்று. பன்னிரண்டில் பதினொரு படம் விடிகாலையிலோ மாலை வெயிலிலோ எடுத்தது. போகிற இடத்திலெல்லாம் நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருந்து, எடுத்ததும் கிளம்பிவிடுகிறவனுக்கு அது பழக்கமாகிவிடும். உப்பளத்துக்கு ஏன் இருட்டோடு வருகிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? ஏறுவெயில் உப்பில் பட்டுத் தெறித்தால் கண்ணைத் திறக்க முடியாது. அந்தத் தெறிப்பை உன் படங்களில் காணோம். செவ்வானம் இருக்கிறது, அதன் முன்னால் முகம் தெரியாத கறுப்பு உருவங்கள் இருக்கின்றன. காலண்டருக்குக் கொடு, வாங்கிக்கொள்வார்கள்.

அப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் என்று முன்னுரையில் நீயே எழுதியிருக்கிறாய். சனிக்கிழமை சனிக்கிழமை கூலி எண்ணிக் கொடுத்த மனிதருக்கு ஒவ்வொருவர் பெயரும் தெரியும். யார் மகள், எந்த ஊரில் வாக்கப்பட்டாள் என்பதும் தெரியும். அந்தப் படங்களைக் கையகலத்துக்குப் பிரிண்ட் போட்டு அவர் மடியில் வை. போனில் காட்டாதே. யாரப்பா இது என்று கேள். பேச்சு குழறினால் குழறட்டும். ஒரு பெயர் வெளியே வர அரை மணி ஆகட்டும். நீ இனி எந்த ரயிலைப் பிடிக்கப் போகிறாய்? முகம் தெரியாத படத்தைக் காட்டினால் அவரே உன்னைத் திட்டுவார். திட்டினால் மறுபடி பகலில் போய் எடு.

‘அந்தி’ என்ற அந்தப் படத்தை அவரிடம் காட்டினாயா? கலிபோர்னியாவில் லாரி சுல்தான் என்பவர் பத்து வருஷம் தன் அப்பா அம்மாவையே எடுத்து 1992-இல் புத்தகம் போட்டார். அப்பா கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. அதில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பது நானில்லை, நீதான் என்று அந்த அப்பா மகனிடம் சண்டை பிடித்தார். அப்பா சொன்ன ஆட்சேபங்களைச் சுல்தான் ஒளிக்கவில்லை. உன் அப்பாவுக்கு அந்தியா நடுப்பகலா என்று அவர் சொல்லட்டும்.

இனி அந்தப் பதினொன்று போக மிச்சமிருக்கும் ஒரு படத்துக்கு வருகிறேன். இதழில் ஒன்பதாவதாக வந்தது. அம்மா காய்ந்த வேட்டியை மடிக்கிறார்கள். கட்டிலில் அப்பா, வலக்கை மடியில் கிடக்கிறது, இடக்கை வேட்டியின் மறுமுனையைப் பிடித்திருக்கிறது. சுவரெல்லாம் டியூப்லைட்டின் பச்சை. நல்லவேளை, நீ அதைத் திருத்தவில்லை. இரண்டு பேரும் உன்னைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவரும் பார்க்கவில்லை, டிவியைப் பார்க்கிறார்கள். தம்பி, நான் ஆயுசு முழுக்க எடுத்த குடும்பப் படங்களில் இதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றுகூட இல்லை. அதைக் கால் பக்கத்தில் போட்டு, செவ்வானத்துக்கு இரண்டு பக்கம் கொடுத்தார் ஆசிரியர். இந்தக் கடிதத்தை வெளியிட வேண்டியவரும் அவர்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாண வேலைக்குக் கூப்பிட்டால் தட்டிக் கழிக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். எடு. ஊரில் இருந்தால் மாதா மாதம் மருந்துக் கடைக்குப் பணம் வேண்டும். அந்த வேலையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் குரூப்பில் நிற்பவர்கள் பெயரை வரிசைப்படி அச்சடித்துக் கொடு. யாரும் கேட்கமாட்டார்கள், அதற்குத் தனியாகக் காசும் தரமாட்டார்கள்.

ஒன்பதாவது படத்தைப் பத்துக்குப் பன்னிரண்டில் ஒன்று போட்டு எனக்கு அனுப்பு. பின்னால் இரண்டு பேர் பெயரையும் தேதியையும் எழுது. இப்போதைய வழவழப்புத் தாளில் பென்சில் பிடிக்காது; அதற்கென்று மெல்லிய நுனி மார்க்கர் கிடைக்கிறது, மை காய்ந்த பிறகு உறையில் போடு. என்ன செலவு என்று சொன்னால் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
பழைய ஸ்டுடியோக்காரன்