ஃப்ரீஸ், ஃப்ரோஸ், ஃப்ரோசன்

தண்ணீர் 0 டிகிரி செல்சியசில் உறைகிறது என்பதும், அப்போது ஒவ்வொரு கிராமும் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது என்பதும் நீங்கள் அறிந்தவையே. உறைதலைக் குறிக்கும் ஆங்கில வினை 'ஃப்ரீஸ்'. இந்த ஒரு சொல்லைக் கற்க ஜப்பானிய மாணவர் என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம்.

அவர் மொழியில் உறைவது 'கோரு', உறைந்தது 'கோத்த'. ஈற்றில் 'த' வந்தால் இறந்தகாலம். இந்த ஒழுங்குக்கு அடங்காத வினைகள் இரண்டே என்று அங்குள்ள பாடநூல்கள் கூறும். ஒன்று 'செய்' எனப் பொருள்படும் 'சுரு', மற்றது 'வா' எனப் பொருள்படும் 'குரு'. அப்படிப்பட்டவரிடம் போய் 'ஃப்ரீஸ், ஃப்ரோஸ், ஃப்ரோசன்' என்றால் திகைக்கமாட்டாரா? ஈற்றில் ஒன்றும் சேராமலே சொல்லின் நடுவில் உயிரொலி மாறிவிடுகிறதே!

இது ஆங்கிலத்தின் மிகப் பழைய வழக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இச்சொல் 'ஃப்ரேயோசன்'; இறந்தகாலம் 'ஃப்ரேயாஸ்'; பாஸ்ட் பார்ட்டிசிபிள் 'ஃப்ரோரன்'. ஆம், அதில் ரகரம்தான் இருந்தது! ஜெர்மானியர் இன்றும் 'கெஃப்ரோரன்' என்கின்றனர். ஆங்கிலேயர் காலப்போக்கில் ரகரத்தைக் கைவிட்டு மூன்று வடிவங்களையும் ஒத்துப்போகச் செய்துவிட்டனர். இன்னும் பின்னோக்கிச் சென்றால் வியப்பு காத்திருக்கிறது. இச்சொல்லின் மூலவேருக்கு உறைதல், எரிதல் ஆகிய இரு பொருளும் உண்டென மொழியியலார் கருதுகின்றனர். லத்தீனில் 'ப்ருய்னா' உறைபனி, 'ப்ரூனா' தணல். பனிக்கட்டியைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரிந்திருக்கும்!

பொருளிலும் சிக்கல் உண்டு. உருகிய இரும்பு 1538 டிகிரியில் கெட்டியாவதையும் ஆங்கில இயற்பியலார் ஃப்ரீஸ் என்பர். ஜப்பானிய இயற்பியலில் அதற்கு 'க்யோகொ' என்று தனிச்சொல். மனிதர் குளிரில் விறைத்துப்போவது 'கொகொயெரு'.

உச்சரிப்போ இன்னொரு தொல்லை. மெய்கள் அடுத்தடுத்து வருவது ஜப்பானிய நாவுக்கு ஒவ்வாது. ஆகவே 'ஃபுரீஸு' என்கின்றனர். ல, ர என்ற வேறுபாடும் அங்கில்லை. கணினித் திரை அசையாமல் நின்றுவிட்டால் 'ஃபுரீஸு சித்த' என்பர். 'சித்த' என்பது 'செய்தது'. ஃப்ரோஸ் என்ற வடிவமே தேவைப்படாதபடி எவ்வளவு சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொண்டார்கள், பாருங்கள்!

ஆனால் எப்போதும் அப்படித் தப்ப இயலாது. 1992 அக்டோபர் 17 அன்று, அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் பேட்டன் ரூஜ் நகரில், அங்கு படிக்க வந்திருந்த 16 வயது ஜப்பானிய மாணவர் ஒருவர் விருந்துக்குச் செல்லும் வழியில் தவறான வீட்டின் மணியை அடித்துவிட்டார். வீட்டுக்காரர் துப்பாக்கியுடன் வெளிவந்து 'ஃப்ரீஸ்' என்று கத்தினார். 'அசையாதே' என்பது அதன் பொருள். மாணவர் நிற்கவில்லை, சுடப்பட்டு இறந்தார். 1993இல் நீதிமன்றம் வீட்டுக்காரரை விடுவித்தது.

அவர் காதில் அது 'ப்ளீஸ்' என்று விழுந்திருக்குமோ என்று பலர் ஐயுற்றனர். ஜப்பானிய ஒலிப்பில் ஒன்று 'ஃபுரீஸு', மற்றது 'புரீஸு'. துப்பாக்கியின் குற்றத்தைச் சொல்லின் மேல் சுமத்துவது நியாயமல்ல என்பது என் கருத்து. எனினும், பனிக்கட்டியோடு சேர்த்துக் கற்ற அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டென்று ஜப்பானியர் பலர் அந்த ஆண்டில்தான் அறிந்துகொண்டனர்.