மார்க் யாருக்குச் சொந்தம்?



சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் எனக் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்தப் பெயர் ஊருக்குப் பொது. பெட்டியில் இருப்பது இன்னார் சரக்கு என்று சொல்வது அவரவர் மார்க் மட்டுமே. அந்த மார்க்கையும் பெட்டியையும் வரைந்து தரும் வடிவமைப்பு நிறுவனத்தோடு எப்படிக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது என்பதைப் பார்ப்போம்.

பழத்துக்கு மார்க் எதற்கு என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியா ஆரஞ்சு விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு, 1907-ல் லார்டு அண்டு தாமஸ் என்ற விளம்பர நிறுவனத்தைக் கொண்டு அயோவா மாநிலத்தில் மட்டும் விளம்பரம் செய்து பார்த்தது. விற்பனை நன்றாகக் கூடியது. 1908-ல் ‘சன்கிஸ்ட்’ என்ற பெயர் பிறந்தது. பழம் சுற்றும் காகிதத்தில் அந்தப் பெயரை அச்சிட்டார்கள். காகிதத்தை உரித்துவிட்டால் எந்தப் பழமும் ஒன்றுபோலத்தானே இருக்கும்? எனவே 1926-ல் தோலின் மீதே முத்திரை குத்தத் தொடங்கினார்கள். சரக்கு நன்றாக இருந்தால் போதாது, அது யாருடையது என்பதும் தெரிய வேண்டும்.

நிறுவனத்திடம் போகுமுன் நாம் சில விவரங்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சரக்கு எந்த ஊருக்குப் போகிறது? வாங்குபவர் மண்டிக்காரரா, வீட்டுக்கு வாங்குபவரா? பெட்டி எத்தனை கிலோ? ஈரம் படுமா? லாரியில் அடுக்கிய பெட்டிக்குப் பக்கவாட்டுதான் தெரியும். பெயரை மேல்மூடியில் மட்டும் போட்டுப் பயனில்லை. நிறம் கூடக்கூட அச்சுக்கூலியும் கூடும். ஒரே நிறத்தில் அடித்தாலும் தெளிவாகத் தெரிகிற சின்னமே நமக்கு ஏற்றது.

அடுத்தது மிக முக்கியம். பணம் கொடுத்துவிட்டோம், படம் நம்முடையது என்று பலரும் நினைக்கிறோம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் வரைந்த சின்னத்தின் உரிமை பொதுவாக வரைந்தவரிடமே நிற்கும். அவர் கையெழுத்திட்டு எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்தால்தான் நம்மிடம் வரும். அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் கொள்ளும். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புவோர் இதைக் கவனிக்க வேண்டும். ‘பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், எல்லா நாடுகளுக்கும்’ என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். கம்ப்யூட்டரில் உள்ள மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

பிறகு அந்த மார்க்கை 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும். புதுப் பழம் 31-ஆம் வகுப்பிலும், உலர் திராட்சை 29-ஆம் வகுப்பிலும், பழரசம் 32-ஆம் வகுப்பிலும் வரும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். அதே பெயரில் வேறு யாரும் பதிந்திருக்கிறார்களா என்று படம் வரையும் முன்பே பார்த்துவிடுவது செலவை மிச்சப்படுத்தும். புவிசார் குறியீட்டுப் பெயரையும் பெட்டியில் போட விரும்பினால், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். அந்தச் சட்டத்தில் உற்பத்தியாளர் என்ற சொல் விவசாயியோடு, சரக்கைப் பெட்டியில் அடைப்பவரையும் விற்கும் வியாபாரியையும் சேர்த்தே குறிக்கிறது.

பல வருட நாணயத்தால் சம்பாதித்த பெயர், ஒரு தாள் எழுதி வாங்காததால் கைவிட்டுப் போகக் கூடாது. ஆகவே வணிகர்களே, உரிமைப் பத்திரத்தில் கையெழுத்தான பிறகே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.